75 சென்ட் வித்தியாசம்

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்தாயிரம் ரூபாய் இடித்தால் பெரிய பயமில்லை. ஏதோ ஒரு பில் விட்டுப்போயிருக்கும், அரை மணி நேரம் புரட்டினால் சிக்கிவிடும். முக்கால் ரூபாய் இடித்தால்தான் தூக்கம் கெடும். அது எங்கிருந்து வந்தது என்றே பிடிபடாது.

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல் என்பவருக்கு வந்தது அந்த மாதிரி முக்கால்தான். முக்கால் டாலர், அதாவது 75 சென்ட். அதைத் தேடிப்போன ஸ்டோல் ஏறக்குறைய ஒரு வருடம் ஆய்வக அடித்தளத்தில் கிடந்து, பிடித்த தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ஒரு வீட்டுக் கதவில் போய் நின்றது. உள்ளே இருந்தவன் மார்கஸ் ஹெஸ். அமெரிக்க ராணுவக் கணினிகளில் புகுந்து எடுத்ததை சோவியத் உளவு நிறுவனமான கேஜிபிக்கு விற்ற கூட்டத்தில் ஒருவன்.

குற்றவாளி யார் என்பதை முதலிலேயே போட்டு உடைத்தது வேண்டுமென்றேதான். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எப்படிப் பிடித்தார் என்பதைத்தான் சொல்கிறார்கள். பிடிப்பதற்காக ஸ்டோல் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, அதில் எது சரி, எது அத்துமீறல் என்பதுதான் எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுகிறது.

துப்பறியும் கதைகளில் ரத்தம் தெறிக்காத ஒரு வகை உண்டு. போலீஸுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர், மூக்கை நுழைக்கக் கூடாத இடத்தில் நுழைத்து, மர்மத்தைப் பிரித்துவிடுவார். நடுவில் சமையலும் நடக்கும், பூனையும் வரும். ஸ்டோல் அந்த வகைக்கு அளவெடுத்துத் தைத்த ஆள். படித்தது வானியல். நனைந்த கேன்வாஸ் ஷூவைக் காயவைக்க மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து உருக்கியவர். இந்த வழக்கைப் பற்றி 1989இல் எழுதிய புத்தகத்தில், ஒற்றர் விவகாரத்துக்கு நடுவே சாக்லெட் சிப் குக்கீ செய்வது எப்படி என்று அடிக்குறிப்பு போட்டவர்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள்

ஸ்டோல் அந்த ஆய்வகத்தில் பார்த்துவந்தது கெக் தொலைநோக்கியின் ஒளியியல் வடிவமைப்பு. மானியப் பணம் தீர்ந்துபோனது. வேலையை விட்டு அனுப்பாமல் கீழ்த்தளத்துக் கணினி மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே சேர்ந்த இரண்டாம் நாளே டேவ் கிளீவ்லாண்ட் என்ற சக ஊழியர் அந்த 75 சென்ட்டைக் கையில் கொடுத்தார். புதிதாக வந்தவர், ஏதாவது வேலை வேண்டும், கணக்கு மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று பழகட்டும் என்ற நினைப்பு.

அந்தக் காலத்தில் கணினி நேரம் விலைக்குப் போனது. ஒரு மணி நேரத்துக்கு 300 டாலர் வரை. எந்த விஞ்ஞானி எத்தனை விநாடி பயன்படுத்தினார் என்று பார்த்து அவரவர் துறைக்கு பில் போகும். கணினியை இயக்கும் யூனிக்ஸ் என்ற மென்பொருளோடு வந்த கணக்குமுறை ஒன்று, ஆய்வகத்திலேயே எழுதி ஒட்டுப்போட்ட கணக்குமுறை ஒன்று, இரண்டும் டேலி ஆக வேண்டும். ஆகவில்லை. 75 சென்ட் என்பது 9 விநாடி.

மென்பொருளில் பிழை இருக்கும் என்று தோண்டினார். இல்லை. ‘ஹன்டர்’ என்ற பெயரில் ஒரு பயனர் கணக்கு இருந்தது, அதற்கு பில் அனுப்ப முகவரி இல்லை. யாரோ அவசரத்தில் சேர்த்திருப்பார்கள் என்று அழித்துவிட்டார். அடுத்து மேரிலாண்டிலிருந்து ஒரு செய்தி: உங்கள் ஆய்வகத்திலிருந்து யாரோ எங்கள் கணினிக்குள் நுழையப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஸ்வென்டெக் என்பவரின் கணக்கு. ஸ்வென்டெக் நல்ல நிரலாளர், ஆனால் இங்கிலாந்துக்குப் போய்விட்டவர். அவர் பெயரில் உள்ளே உட்கார்ந்திருப்பது யார்?

நுழைந்த வழி நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும், காக்கை தன் முட்டை என்றே அடைகாக்கும். இந்த ஆள் செய்தது அதேதான். கணினி தானாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கும் ஒரு நிரல் உண்டு. ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அந்த நிரலின் இடத்தில் தன்னுடையதை வைத்தான். கணினி அதைத் தன் பிள்ளையாகவே எண்ணி ஓட்டியது. ஓடி முடித்தபோது வெளியாளின் கையில் மொத்த அதிகாரமும் இருந்தது, சூப்பர் யூசர் ஆகிவிட்டான். ஐரோப்பாவிலும் குக்கூ என்று நம் குயிலுக்கு உறவான பறவை ஒன்று இதையே செய்யும். ஸ்டோலின் புத்தகத் தலைப்பே அந்தப் பறவையின் முட்டைதான்.

அடுத்த மேசையில் இருந்து எடுத்த பிரிண்டர்கள்

முதல் சங்கடம் உடனே வந்தது. ஆய்வகத்துக்குள் வரும் இணைப்புகள் 50. எதன் வழியாக வருகிறான்? கண்காணிக்க மென்பொருள் போட்டால் சூப்பர் யூசர் ஆனவன் அதைப் பார்த்துவிடுவான். கணினிக்கு வெளியே, அவன் கண்ணில் படாத இடத்தில் காது வைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பிரிண்டரைச் செருகிவிட்டால் அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழும்.

50 பிரிண்டருக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சக ஊழியர்களின் மேசைகளில் இருந்த டெர்மினல்களையும் டெலிபிரிண்டர்களையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ‘இரவல்’ என்று அவர் சொன்னார். உடையவனுக்குத் தெரியாமல் எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு, அதைச் சொல்லித்தான் அவர் இன்னொருவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

படுக்கைப் பையை விரித்து மேசைக்கடியில் படுத்தார். அந்த வார இறுதியிலேயே மீன் சிக்கியது. ஏறக்குறைய 80 அடி நீளக் காகிதம். மூன்று மணி நேரம் அவன் உள்ளே செய்தது அத்தனையும், தப்பாகத் தட்டி அழித்த எழுத்து உட்பட.

இந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு நிமிடம் நின்று பேச வேண்டும். மற்ற இணைப்புகளிலும் பிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் வந்தவர்கள் குற்றமற்ற விஞ்ஞானிகள். அவர்கள் தட்டியதும் காகிதத்தில் விழுந்திருக்கும். ஸ்டோல் தேடியது ஓர் ஆளைத்தான், மற்றதில் அவருக்கு அக்கறையில்லை. ஆனால் ஊரார் கடிதத்தைப் படிக்கிறவனைப் பிடிக்க ஊரார் எல்லோருடைய கடிதத்தையும் ஓரிரவு பிரித்து வைத்தாயிற்று. பெர்க்லி போன்ற ஊரில், தனிமனித உரிமைக்காக வீதியில் இறங்கும் நண்பர்களுக்கு நடுவில் வாழ்ந்தவருக்கு இது உறுத்தவே செய்தது. வந்த இணைப்பு எது என்று தெரிந்ததும் மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு அதில் மட்டும் காவலைக் குறுக்கிக்கொண்டார். திங்கட்கிழமை மேசைக்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் நடந்தது. என் கணக்கில், முதல் தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார், பெரிய தப்புக்கு யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

அந்தக் காகிதத்தில் ஒரு சின்னத் துப்பு இருந்தது. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று பார்க்கும் கட்டளையைத் தட்டும்போது வந்தவன் ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்திருந்தான். பெர்க்லியில் உருவான யூனிக்ஸில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை, ஏடி அண்டு டி நிறுவனத்தின் யூனிக்ஸில்தான் தேவை. கிளீவ்லாண்ட் அதைப் பார்த்துவிட்டு, இவன் இந்த ஊர் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே நாம் ‘நீங்க திருநெல்வேலிப் பக்கமா?’ என்று கேட்போமே, அந்த மாதிரி. பிறகு அவன் திருடிவைத்திருந்த, உருவாக்கிய கணக்குப் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்: ஹன்டர், யேகர், பென்சன், ஹெட்ஜஸ். யேகர் என்றால் ஜெர்மனில் வேட்டைக்காரன், அதாவது ஹன்டர். மற்ற இரண்டையும் ஒட்டினால் ஒரு சிகரெட் பெயர். புகைபிடிக்கிற, ஜெர்மன் தெரிந்த ஆள்.

கதவைச் சாத்துவதா, திறந்தே வைப்பதா

திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்று தெரிந்தால் விளக்கைப் போட்டுக் கத்துவோம். ஸ்டோல் விளக்கைப் போடவில்லை. பாஸ்வேர்டுகளை மாற்றி, ஓட்டையை அடைத்து, ஒரே மதியத்தில் வெளியேற்றியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவன் வேறு கதவு வழியாக வருவான், யார் என்று கடைசிவரை தெரியாது. ஆய்வகத்தில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை, பார்ப்பதால் நமக்கு நஷ்டம் குறைவு. அவருடைய மேலாளர் முதலில் மூன்று வாரம் கொடுத்தார். ஆய்வகத்தின் மூத்த இயற்பியலாளர், நோபல் பரிசு பெற்ற லூயி அல்வாரெஸ், இதை ஓர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள் என்று தெம்பு கொடுத்தார். மூன்று வாரம் மாதங்களாக நீண்டது.

‘நமக்கு நஷ்டம் குறைவு’ என்பதில்தான் சிக்கல். அவன் பெர்க்லியில் தங்குவதற்காக வரவில்லை. அது அவனுக்குத் திண்ணை. அங்கே உட்கார்ந்துகொண்டு மில்நெட் என்ற ராணுவ வலையமைப்பில் கதவு கதவாகக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தான். அலபாமாவில் உள்ள அனிஸ்டன் ராணுவக் கிடங்கு, கலிபோர்னியாவில் விமானப்படையின் விண்வெளிப் பிரிவு என்று பட்டியல் நீண்டது. மொத்தம் சுமார் 450 கணினிகளில் முயன்று 30க்கு மேற்பட்டவற்றில் நுழைந்தான். மந்திரம் எதுவும் தெரிந்தவன் இல்லை. பொறுமைசாலி. கணினி விற்ற கம்பெனி வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்கள் அவனுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் ‘அணு’, ‘எஸ்டிஐ’ போன்ற சொற்களைத் தேடுவான். எஸ்டிஐ என்பது ரேகன் அரசின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டம்.

இதையெல்லாம் ஸ்டோல் பிரிண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் திண்ணையிலிருந்து ஒருவன் எதிர்வீட்டு ஓட்டைப் பிரிக்கிறான், நாம் அவன் கையெழுத்து நன்றாகப் புலப்படுகிறதா என்று குனிந்து பார்க்கிறோம். எதிர்வீட்டுக்காரனுக்குச் சொல்வதா? சொன்னால் அவன் உடனே கதவைச் சாத்துவான், திருடன் உஷாராகிவிடுவான். சொல்லாவிட்டால் நடக்கும் சேதத்தில் நமக்கும் பங்கு.

ஸ்டோல் இதற்கு ஒரே விதி வைத்துக்கொள்ளவில்லை. முக்கியமான இடம் என்று தோன்றினால் அங்குள்ள நிர்வாகியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். சில இடங்களில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சில இடங்களில், எங்கள் கணினிக்குள் யாரும் வர முடியாது என்று அடித்துச் சொன்னார்கள், அவன் உள்ளே இருந்தபோதே. மற்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ராணுவக் கணினிக்குள் ஒருவன் போகிறான் என்று தெரிந்த அந்த நிமிடமே முடிவு ஆய்வகத்தின் கையைவிட்டுப் போயாயிற்று, பாதிக்கப்படுகிறவன்தான் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். சரி, யாரிடம் கேட்பது என்றுதானே அவரும் அலைந்தார்?

அலைந்தார் என்றால் நிஜமாகவே அலைந்தார். எஃப்பிஐ: எவ்வளவு நஷ்டம்? 75 சென்ட். ரகசியக் கோப்பு ஏதாவது போயிற்றா? இங்கே ரகசியமே கிடையாது. அப்படியானால் எங்களுக்கு வேலையில்லை. சிஐஏ, மின்னணு உளவு பார்க்கும் என்எஸ்ஏ, விமானப்படையின் புலனாய்வுப் பிரிவு எல்லோரும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள், இது எங்கள் எல்லைக்குள் வராது என்றும் சொன்னார்கள். வாங்கிக்கொள்ள எல்லோருக்கும் கை நீண்டது, கொடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. சிஐஏவோடு தொடர்பு ஏற்பட்ட விதமே வேடிக்கை. ராணுவ வலையமைப்பின் முகவரிப் பட்டியலில் சிஐஏ ஆட்களின் தொலைபேசி எண்களைத் திருடன் தேடி எடுத்தான். காகிதத்தில் விழுந்த எண்களில் ஒன்றைச் சுழற்றித்தான் ஸ்டோல் அவர்களிடம் பேசினார்.

வீட்டில் வேறு மாதிரி. பெர்க்லி 1960களிலிருந்தே அரசை நம்பாத ஊர். ஸ்டோலின் நண்பர்களுக்கு சிஐஏ என்றாலே முகம் சுளிக்கும். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர், காலையில் உளவுத்துறை ஆளுக்குத் தொலைபேசியில் அறிக்கை கொடுக்கிறார். நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவரிடம் பதில் தயாராக இல்லை. நாள் போகப்போக ஒரு நினைப்பு அவருக்குள் ஊறியது. இந்த வலையமைப்பு பூட்டால் நிற்கவில்லை, ஒருவரை ஒருவர் நம்புவதால் நிற்கிறது. அந்த நம்பிக்கை போனால் எல்லோரும் மதில் எழுப்பிக்கொள்வார்கள், விஞ்ஞானிகள் தாராளமாகப் பகிர்ந்துகொள்வது நின்றுபோகும். பக்கம் மாறிவிட்டார் என்று நண்பர்கள் நினைத்தார்கள். தன் பக்கம் எது என்று அவருக்கே அப்போதுதான் தெரியவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவிக்கொத்து

ஆய்வகத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கான கணினிகளும் இருந்தன. ஒருமுறை அவன் அந்தப் பக்கம் போனான். வேடிக்கை பார்ப்பது வேறு, நோயாளிக்கும் கருவிக்கும் நடுவில் இருக்கிற கணினியில் தெரியாத்தனமாக ஒரு கோப்பை அழித்துவிட்டால் வரும் விளைவு வேறு. இணைப்பைத் துண்டித்தால் அவனுக்குச் சந்தேகம் வரும், மாதக்கணக்கான வேலை பாழ். துண்டிக்காமல் இருக்கவும் முடியாது.

இப்படிப்பட்ட சமயங்களுக்கு ஸ்டோல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, இணைப்புக் கம்பிகள் வெளியே தெரியும் இடத்தில் வைத்துக் கலகலவென்று ஆட்டுவார். கம்பிகள் விட்டுவிட்டுத் தொட்டுக்கொள்ளும். அந்த முனையில் திரையில் குப்பை எழுத்தாகக் கொட்டும். லைன் சரியில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான். தொலைபேசி லைனில் கணினிகளை இணைக்கும் அந்தக் காலத்து மோடம் இணைப்பில் இது சகஜம். கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு அவனே வெளியேறிவிடுவான்.

மொத்த வழக்கிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அரசாங்க நிறுவனங்கள் எல்லாம் எல்லை, சட்டப்பிரிவு என்று பேசிக்கொண்டிருக்க, ஓர் ஆள் வீட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் வாயால் சொல்லாத விதியை அந்தச் சாவி சொல்லிவிடுகிறது. தகவல் போனால் போகட்டும், ஆள் உடம்புக்குக் கெடுதல் வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அங்கே அவர் யாரையும் அனுமதி கேட்கவில்லை, தயங்கவும் இல்லை.

தயங்க வேண்டிய இன்னோர் இடத்திலும் அவர் தயங்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இணைப்பைத் தேடிப்போனதில் தடம் வர்ஜீனியா மாநிலத்துத் தொலைபேசி ஒன்றுக்குப் போனது. கையிலிருந்த நீதிமன்ற வாரண்ட் கலிபோர்னியாவில் மட்டும் செல்லும். வர்ஜீனியாத் தொலைபேசி ஊழியர்கள் எண்ணைச் சொல்ல மறுத்தார்கள், சரியாகவே மறுத்தார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட இலக்கங்கள் சில லைனில் ஸ்டோல் காதில் விழுந்தன. அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துச் சுழற்றிப் பார்த்தார். மக்லீன் என்ற ஊரில் மைட்டர் என்ற ராணுவ ஒப்பந்த நிறுவனத்தின் மோடம் பதில் சொன்னது. அதுவும் திண்ணைதான், அவன் அங்கேயும் வெளியாள். அவன் போட்ட தொலைதூர அழைப்புகளுக்கு அந்த நிறுவனம் பில் கட்டிக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததைப் பயன்படுத்துவது திருட்டா? கைப்பிடியைத் திருகிப் பார்ப்பதற்கும் எண்களை மாற்றிச் சுழற்றிப் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம்? என்னால் ஒரு கோடு போட முடியவில்லை.

குளியலறையில் பிறந்த அலுவலகம்

மைட்டர் வழி அடைபட்டதும் அவன் டைம்நெட் என்ற வலையமைப்பு வழியாக வெளிநாட்டிலிருந்து வருவது தெரிந்தது. டைம்நெட்டின் ஸ்டீவ் வைட் தடத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்டி மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். ப்ரெமன் பல்கலைக்கழகம், அப்புறம் ஹானோவர். அங்கே ஒரு முட்டுக்கட்டை. ஹானோவர் தொலைபேசி நிலையத்தில் பழைய இயந்திர ஸ்விட்சுகள். ஓர் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொழில்நுட்பர் உள்ளே போய்க் கம்பியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவனோ சில நிமிடங்களில் போய்விடுவான்.

அவனை ஒரு மணி நேரம் எப்படி உட்காரவைப்பது? யோசனை சொன்னவர் ஸ்டோலின் துணைவி மார்த்தா மேத்யூஸ், அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். இருவரும் குளித்துக்கொண்டிருந்தபோது உதித்தது: அவன் தேடுகிறது எஸ்டிஐதானே, கொடுத்துவிடுவோம். 1987 ஜனவரியில் பெர்க்லி கணினியில் ‘எஸ்டிஐநெட்’ என்று இல்லாத ஓர் அலுவலகம் முளைத்தது. இல்லாத செயலாளர் பார்பரா ஷெர்வின், இல்லாத பட்ஜெட், அலுவல் நடையில் பக்கம் பக்கமாகக் கடிதங்கள். பழைய சுற்றறிக்கைகளை எடுத்து அங்கங்கே பெயரை மாற்றிச் செய்தது. கூடுதல் ஆவணங்கள் வேண்டுவோர் தபாலில் எழுதிக் கேட்கவும் என்று ஒரு குறிப்பு. இன்றைக்கு ‘ஹனிபாட்’ என்று பாதுகாப்புத் துறையில் தினம் புழங்கும் தேன்பானைப் பொறிக்கு ஆரம்பகால உதாரணமாக இதைத்தான் சொல்வார்கள்.

அவன் தேனில் உட்கார்ந்த ஈயானான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கோப்பு கோப்பாக இறக்கினான். ஹானோவரில் கம்பியைப் பிடித்துவிட்டார்கள்.

குயில் கூட்டில் காக்கை முட்டை. ஏமாற்றியவனை ஏமாற்றுவதில் ஸ்டோலுக்கு மனக்கஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் வரவில்லை. உள்ளே வர உரிமையில்லாதவனைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பொய், யாரை ஏமாற்றும்? ஆனால் அந்தப் பொய் நினைத்ததைவிட நீண்ட தூரம் நடந்தது. சில மாதங்கள் கழித்து பிட்ஸ்பர்க் நகரிலிருந்து பார்பரா ஷெர்வினுக்கு ஒரு கடிதம் வந்தது, நிஜத் தபால்தலை ஒட்டிய கடிதம். ஒரு சில கோப்புகளைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தது. அந்தப் பெயர்கள் ஹானோவர்க்காரன் கண்ணைத் தவிர வேறு கண்ணில் பட்டிருக்க முடியாது. அதுவரை விளையாட்டுப் பிள்ளை ஒருவனைத் துரத்துகிறோம் என்று நினைக்க இடம் இருந்தது. படித்ததை அவன் யாருக்கோ கொடுக்கிறான் என்பது அன்று உறுதியாயிற்று.

1987 கோடையில் ஜெர்மன் போலீஸ் ஹெஸ்ஸின் இடத்தைச் சோதனை போட்டது.

ஓட்டையைப் பற்றி எழுதுவது

1988 மே மாதம் ஸ்டோல் கணினித் துறையின் முக்கியமான ஆய்விதழ் ஒன்றில் முழு விவரத்தையும் வெளியிட்டார். அதற்கு முன்பே ஒரு ஜெர்மன் பத்திரிகையில் விஷயம் கசிந்திருந்தது. வெளியிடுவதற்கு முன் அவர் மல்லுக்கட்டிய கேள்வி இன்றும் பழசாகவில்லை. எந்த ஓட்டை வழியாக வந்தான் என்று எழுதினால் அடுத்த திருடனுக்குப் பாடப்புத்தகம். எழுதாவிட்டால் ஓட்டை தங்கள் வீட்டிலும் இருப்பது மற்ற நிர்வாகிகளுக்குத் தெரியவே தெரியாது. திருடர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், காவல்காரர்கள்தான் வாயைத் திறப்பதில்லை என்ற பக்கம் அவர் சாய்ந்தார். எழுதினார். ஒவ்வொரு கடிகார நேரமும் குறித்த பதிவேடு அவரிடம் இருந்தது. வானியலாளர் பழக்கம், குறித்துவைக்காதது நடக்காதது.

அதே வருடம் நவம்பர் 2ஆம் தேதி ஒரு ‘புழு’ நிரல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதை எழுதியவன் ராபர்ட் டப்பன் மோரிஸ் என்ற மாணவன். அவனுடைய தந்தை, இந்த வழக்கு விஷயமாக ஸ்டோல் சந்தித்துப் பேசிய என்எஸ்ஏ விஞ்ஞானி பாப் மோரிஸ்.

ஹெஸ்ஸும் இன்னும் இருவரும் 1990இல் ஜெர்மனியில் செல்லே நகர நீதிமன்றத்தில் ஒற்று வேலைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஸ்டோல் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். சிறைத்தண்டனை விதித்தார்கள், ஆனால் உள்ளே போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விட்டார்கள். கேஜிபியிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மொத்தத் தொகை 54,000 டாலர்.

அந்தக் கூட்டத்தில் கார்ல் கோக் என்று ஓர் இளைஞன் இருந்தான். 1988இல் தானாகவே முன்வந்து அதிகாரிகளிடம் ஒத்துக்கொண்டவன். பொதுமன்னிப்பு கிடைத்தது, பத்திரிகைகளின் துரத்தலும் கிடைத்தது. 1989 மே மாதம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை. செல்லே அருகே ஒரு காட்டில் எரிந்த உடலாகக் கண்டெடுத்தார்கள். தற்கொலை என்று முடித்தார்கள். வயது 23.

ஸ்டோலின் காகிதச் சுருள்களில் பெரும்பாலும் ஹெஸ்ஸின் விரல்கள்தான் இருந்தன. கோக்கின் மரணத்துக்கு அவரைக் காரணம் சொல்ல முடியாது, சொல்வது அநியாயம். இருந்தாலும் ரத்தம் தெறிக்காத வகை என்று இந்த வழக்கை ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்த வரியை அழித்துவிடலாமா என்று தோன்றும். அழிக்கவில்லை. 9 விநாடிக்கு பில் அனுப்ப முகவரி தேடிய அந்த ஆகஸ்ட் மதியத்தில், அடித்தளத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அந்த வகைக் கதையாகத்தான் இருந்தது.